அக்னி வந்து சாட்சி சொல்லுமா?

சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு ஓர் இன்லேண்ட் கடிதம் வந்தது. திருவெறும்பூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும், விஷயம் தெளிவாக இருந்தது.

'என் மகளுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர் அம்மன் கோயில்ல கல்யாணம் நடந்துச்சு. பூசாரி, அம்மன் பாதத்துல வெச்சுத் தாலிய எடுத்துக் குடுத்தாரு. ஹோமம் வளர்க்கலை. ஐயர் வைக்க எங்களுக்கு வசதியும் இல்லை. இப்போ மாப்பிள்ளைக்கு வேற இடத்துல பொண்ணு பாக்குறாங்க. போய்க் கேட்டா, 'அக்னியை வலம் வராத கல்யாணம் சாஸ்திரப்படி கல்யாணமே இல்லை'ங்குறாங்க. சாமி விஷயமெல்லாம் எழுதுறீங்களே... நீங்களே சொல்லுங்க. என் மக கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா?'

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்களை கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிவிடுவோம். யாரேனும் ஒரு பெரியவர் நான்கு வரியில் பதில் சொல்வார். இந்தக் கடிதத்தை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. ஆசிரியரிடம் காட்டினேன். படித்துவிட்டு, ''நேர்லயே போய்ட்டு வாங்க'' என்று மட்டும் சொன்னார்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், பெல் நிறுவனத்தின் நகரியத்தை ஒட்டி இருக்கிறது திருவெறும்பூர். சிறு குன்றின் மேல் எறும்பீஸ்வரர் கோயில். அசுரனின் கொடுமை தாங்காத தேவர்கள், அவன் கண்ணில் படாமல் இருக்க எறும்பு உருக்கொண்டு இங்கே வந்து சிவனை வழிபட்டார்கள் என்கிறது தலபுராணம். லிங்கத் திருமேனி வழுக்கியதாம். ஏற முடியாமல் எறும்புகள் சரிந்து விழ, இறைவன் தன் மேனியைப் புற்றுமண்ணாக்கி, சற்றே சாய்ந்தும் கொடுத்தாராம். அப்பர் பெருமான் பாடிய தலம். அம்பாளுக்கு நறுங்குழல் நாயகி என்று அழகான பெயர்!

கடிதம் எழுதிய அம்மாவை மலைப்படியில் சந்தித்தேன். மகளும் உடன் வந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. நாங்கள் பேசி முடிக்கும் வரை, அந்தப் பெண் முந்தானையை இழுத்து அந்தக் கயிற்றை மறைப்பதும், பிறகு ஏதோ நினைத்தவளாக வெளியே எடுத்து விடுவதுமாகவே இருந்தாள்.

அந்த அம்மாவின் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. திருமணம் எது என்பதை யார் தீர்மானிப்பது? சாஸ்திரமா, சர்க்காரா? நம்பிக்கை சொல்வதை அப்படியே சட்டமும் சொல்ல வேண்டுமா? நாம் கோயில், பூஜை, விரதம் என்று எழுதுகிற பத்திரிகைதான். ஆனாலும், இந்தக் கேள்வி நம் வாசல்படியிலேயே வந்து நிற்கும்போது 'அது சட்டக்காரர்கள் சமாசாரம்' என்று ஒதுங்கிக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். எனவே, முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது தொல்காப்பியம்தான். கற்பியலில் ஒரு செய்தி உண்டு. உலகத்தில் பொய்யும் தவறும் தோன்றிய பிறகுதான், பெரியோர் திருமணச் சடங்குமுறையை வகுத்தார்கள் என்கிறார் தொல்காப்பியர். வகுப்பில் இதைப் பரீட்சைக்காகப் படித்தபோது அதன் கனம் எனக்குப் புரியவில்லை. ஒருவன் ஒருத்தியோடு வாழ்ந்துவிட்டு, பிற்பாடு 'இவளை எனக்குத் தெரியவே தெரியாது' என்று சொல்லத் தொடங்கினான். அப்படிச் சொல்லவிடாமல் தடுக்கத்தான் ஊர் கூடிய சடங்கு வந்தது. இன்று திருவெறும்பூர்ப் பெண்ணுக்கு நடந்திருப்பதோ தலைகீழ். பொய்யைத் தடுக்க வந்த சடங்கே பொய் சொல்வதற்குத் துணையாகப் பிடித்து இழுக்கப்பட்டிருக்கிறது!

சடங்குதான் என்றைக்காவது ஒரே மாதிரி இருந்ததா? அகநானூற்றின் 86-ஆம் பாடலில் ஒரு திருமணம் வருகிறது. உளுந்தம்பருப்புப் பொங்கல், பந்தல், புதுமணல், விளக்கு, நல்ல நாள் பார்த்த விடியற்காலை. பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் நீரும் பூவும் நெல்லும் சொரிந்து வாழ்த்துகிறார்கள், அவ்வளவுதான். ஓமத்தீயும் இல்லை, ஓதுகிறவரும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால், முதிய அந்தணர் வழிகாட்ட, கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகிறார்கள். இரண்டுமே நம் திருமணங்கள்தான். அகநானூற்றுப் பெண்ணைப் பார்த்து 'நீ மணமானவள் அல்ல' என்று சொல்லும் துணிச்சல் எந்தத் தமிழாசிரியருக்காவது உண்டா?

இதைவிட நெருக்கமான கதை ஒன்று நம் திருவிளையாடல் புராணத்திலேயே இருக்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய 64 படலங்களில் கடைசிப் படலம் அது. வன்னியும் கிணறும் இலிங்கமும் அழைத்த கதை.

பெற்றோரை இழந்த வணிகர் குலப் பெண் ஒருத்தியை, அவளுக்கென்று பேசி வைத்திருந்த உறவுக்காரன் மதுரைக்கு அழைத்து வருகிறான். அவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. வழியில் திருப்புறம்பியத்தில் தங்குகிறார்கள். இரவில் பாம்பு தீண்டி அவன் இறந்துபோகிறான். அவளுடைய அழுகை கேட்டு வந்த திருஞானசம்பந்தர் அவனை உயிர்ப்பிக்கிறார். ''இவளை இங்கேயே மணந்துகொள்'' என்கிறார். அவனோ, ''உறவினரும் சாட்சியும் இல்லாமல் எப்படி?'' என்று தயங்குகிறான். இங்கிருக்கும் வன்னி மரமும் கிணறும் சிவலிங்கமுமே சாட்சி என்று சொல்லி, சம்பந்தரே மணத்தை முடித்து வைக்கிறார்.

மதுரையில் சில காலம் கழித்துக் குழந்தைகள் சண்டையில் பெரியவர்களும் மோதிக்கொள்கிறார்கள். மூத்தவள் கேட்கிறாள்: 'உனக்குக் கல்யாணம் நடந்ததற்கு யார் சாட்சி?' இளையவள் மூன்று சாட்சிகளையும் சொல்ல, 'ஓகோ... அவை இங்கே வந்து சொல்லுமோ!' என்று சிரிக்கிறாள். இளையவள் பொற்றாமரையில் நீராடிச் சொக்கநாதரிடம் அழுகிறாள். மறுநாள் வன்னியும் கிணறும் லிங்கமும் மதுரைக் கோயிலிலேயே வந்து நிற்கின்றன! மதுரைக்குப் போகிறவர்களுக்கு அந்த இடத்தை இன்றும் காட்டுவார்கள். திருப்புறம்பியத்து இறைவனுக்கும் சாட்சிநாதர் என்றே திருநாமம்.

இந்தக் கதையை நாம் பக்தியின் பெருமையாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணிடம் 'எத்தனை அடி வைத்தாய், எந்த மந்திரம் சொன்னார்கள்?' என்று இறைவன் கேட்கவில்லை. மணம் நடந்தது, அதை இல்லை என்கிறார்கள், எனவே சாட்சிக்கு வருகிறான். சடங்கில் குறை என்று சொல்லி அவளைக் கைவிடுவதற்கு நல்ல காரணங்கள் இருந்தும் கைவிடவில்லை.

திருச்சியில் எனக்குத் தெரிந்த வயதான குருக்கள் ஒருவரிடம் இதைச் சொன்னேன். நூற்றுக்கணக்கான திருமணங்களை நடத்தி வைத்தவர். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: ''அக்னிதாம்மா கல்யாணத்துக்கு சாட்சி. அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா, கோர்ட்ல கேஸ்னு வந்தா அக்னியா வந்து சாட்சி சொல்லப்போறது? நாமதான் போகணும். நாம போறதில்லையே!''

நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டித்தான் வந்திருக்கின்றன. 1934-ல் செட்டிநாட்டில் ஒரு சுயமரியாதைத் திருமணம் நடந்தது. தலைமை வகித்தவர் பெரியார். ஊரறிய நடந்த அந்தத் திருமணம், சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1953-ல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஓமமும் சப்தபதியும் இல்லை. நெடுங்காலமாக இருந்துவரும் குல வழக்கம் என்றும் சொல்ல முடியாது என்பது காரணம். அந்த ஒரு தீர்ப்பினால், தமிழகம் முழுவதும் அப்படி மணந்த எத்தனையோ பெண்களின் நிலையும், அவர்களின் பிள்ளைகளின் நிலையும் அந்தரத்தில் தொங்கின.

1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் '7-ஏ' என்ற பிரிவைத் தமிழகத்துக்கென்று சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், இருவரும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும் சரி, மாலையோ மோதிரமோ அணிவித்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி... இந்துக்கள் இருவருக்கு இடையே அது முழுமையான திருமணம். முன்பே அப்படி நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்றும் சேர்த்தார்கள்.

அண்ணா, பெரியார் என்றதும் வாசகர்களில் சிலர் நெற்றியைச் சுருக்குவது தெரிகிறது. கடவுள் மறுப்பாளர்கள் கொண்டுவந்த சட்டம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால், ஒன்று கவனியுங்கள். தாலியை நாம் உயிராக மதிக்கிறோம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் சப்தபதி உண்டு. தாலி என்ற சொல் கிடையாது. அதைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் ஏற்றியது இந்த 7-ஏதான்! அம்மன் சந்நிதியில் பூசாரி எடுத்துக் கொடுக்க, மூன்று முடிச்சோடு முடிந்துவிடும் லட்சக்கணக்கான பக்தர்களின் திருமணத்துக்கு அது இன்று அரணாக நிற்கிறது.

எப்படி என்கிறீர்களா? மகாராஷ்டிரத்தில் ஒருவர் மனைவி இருக்கும்போதே இன்னொரு திருமணம் செய்துகொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டாவது திருமணத்தில் ஓமமும் சப்தபதியும் நடக்கவில்லை. எனவே அது திருமணமே இல்லை. திருமணமே இல்லாதபோது இருதார மணக் குற்றம் எங்கே வந்தது என்பது வாதம். 1965-ல் அவர் விடுதலை ஆனார். சடங்கைக் குறைத்துச் செய்தவனுக்குச் சடங்கே கேடயமாகிவிட்டது!

நம் ஊரிலும் அதே வாதம் வந்தது. 1984-ல் திருத்தணி தேவஸ்தான மண்டபத்தில் ஒருவர் இரண்டாவதாகத் தாலி கட்டினார். முதல் மனைவி வழக்குத் தொடுத்தார். சப்தபதி நடக்கவில்லையே என்று கணவர் தரப்பு சொன்னது. திருமணத்தை நடத்தி வைத்த புரோகிதரே சாட்சிக் கூண்டில் ஏறி, தாலி கட்டியதைச் சொன்னார். வழக்கு நடந்து, நடந்து, 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தமிழகத்தில் 7-ஏ பிரிவு இருக்கிறது, தாலி கட்டியதே போதும், அது திருமணம்தான், எனவே குற்றமும் குற்றம்தான். பதினேழு வருஷம்! அந்த முதல் மனைவியின் பொறுமையை நினைத்தால் எனக்குச் சாவித்திரியின் நினைவுதான் வருகிறது.

'நம்பிக்கை' என்ற சொல்லைப் பலமாக எடுத்துக்கொண்டு வந்த வழக்கும் உண்டு. இந்து ஆண்களுக்கு ஒருதார மணம் மட்டுமே என்று பம்பாய் மாகாணம் சட்டம் போட்டது. சென்னை மாகாணத்திலும் 1949-ல் அப்படியொரு சட்டம் வந்தது. 'புத்' என்னும் நரகத்திலிருந்து மீட்க ஆண்பிள்ளை வேண்டும். முதல் மனைவிக்குப் பிள்ளை இல்லாவிட்டால் இன்னொருத்தியை மணப்பது மதக்கடமை. அதைத் தடுக்கலாமா என்று பம்பாயில் கேட்டார்கள். தலைமை நீதிபதி சாக்ளா 1951-ல் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளை வேண்டும் என்று சொல்கிற அதே மதம்தான் சுவீகாரத்தையும் சொல்கிறது; ஒரே மனைவியோடு இருந்துகொண்டே அந்தக் கடமையைச் செய்யலாமே என்றார். நம்பிக்கை வேறு, அதன் பெயரால் செய்கிற காரியம் வேறு. நம்பிக்கையைக் காப்பாற்றும் அரசு, காரியத்தைக் கேள்வி கேட்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

'முருகனுக்கே இரண்டு பேர்' என்று அசட்டுச் சிரிப்போடு சொல்பவர்களை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அவர்களை ஸ்ரீரங்கத்துக்குப் பங்குனி மாதத்தில் அழைத்துப் போக வேண்டும். நம்பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை சாதித்துவிட்டுத் திரும்புவார். அங்கே ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுவாள்! பிரணயகலகத்தில் அந்தக் கோபத்தையும் நம் முன்னோர் உற்சவமாக்கி வைத்திருக்கிறார்கள். தெய்வத்தின் லீலையில்கூட மனைவிக்குக் கதவைச் சாத்தும் உரிமை உண்டு. அதே அரங்கன் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி இருப்பதும், அவள் பொருட்டு ரொட்டி நைவேத்தியமாவதும் உங்களுக்குத் தெரியும். ஆனால், இன்றைக்கு அந்த ஸ்ரீரங்கத்திலேயே ஓர் இந்துப் பையனும் முஸ்லிம் பெண்ணும் மதம் மாறாமல் மணக்க விரும்பினால், இந்து திருமணச் சட்டமும் 7-ஏ பிரிவும் அவர்களுக்குக் கிடையாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, பெயரையும் முகவரியையும் அலுவலகத்தில் ஒட்டி வைத்து, 30 நாள் காத்திருக்க வேண்டும். பெற்றோர் கோபத்துக்கும் ஊர்க் கோபத்துக்கும் அந்த 30 நாள் எவ்வளவு வசதி என்று சொல்லவும் வேண்டுமோ? லீலையில் அரங்கன் ஏற்றதை நாம் சட்டத்தில் ஒரு மாதம் தள்ளி வைத்துத்தான் பார்க்கிறோம்.

அப்படியானால், சட்டம் நம்பிக்கைக்குக் காதே கொடுக்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. தாய்மாமனையும் மாமன் மகளையும் மணப்பது நம் வீடுகளில் இருந்துவருகிற வழக்கம். வடக்கே பல இடங்களில் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். இந்து திருமணச் சட்டமும் இந்த உறவுகளைத் தடுக்கப்பட்ட உறவு என்றுதான் பட்டியல் போட்டிருக்கிறது. ஆனால், 'வழக்கம் அனுமதித்தால் தடையில்லை' என்று ஒரு வரியையும் சேர்த்து வைத்தார்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால் நம் தாத்தா, பாட்டிகளில் பாதிப் பேரின் குடும்பமுறையே குற்றமாகியிருக்கும். (உறவில் மணந்தால் பிள்ளைகளுக்கு நோய் வரும் ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது வேறு விஷயம். அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.)

பொட்டுக்கட்டும் வழக்கமும் நம்பிக்கைதான். சிறுமியை இறைவனுக்கே மணமுடிப்பது என்றுதான் அதற்குப் பெயர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வருடக்கணக்காகப் போராடி, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நின்றது. பொட்டுக்கட்டப்பட்ட பெண் யாரையும் முறையாக மணக்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. இறைவனின் மனைவியை மனிதன் மணப்பதா என்று அன்று பதறியவர்கள் உண்டு. இன்று எந்தத் தாய் தன் மகளுக்குப் பொட்டுக் கட்டச் சம்மதிப்பாள்? கோயில்கள் மூடிவிடவில்லை, பூஜை நின்றுவிடவில்லை.

ஆக, மாமன் மகள் விஷயத்தில் சட்டம் வழக்கத்துக்கு வளைந்து கொடுத்தது. பொட்டுக்கட்டு விஷயத்தில் வளையவில்லை. இரண்டுமே சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்த வழக்கத்தில் அந்தப் பெண்ணைக் கேட்கவே இல்லையோ, எந்த வழக்கம் ஒருத்தியின் வாயை அடைக்கிறதோ, அங்கே 'நம்பிக்கை' என்று சொல்லிச் சட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? எப்படி மணப்பது என்பதை நம் மரபு சொல்லட்டும். தீ வலம் வாருங்கள், அம்மி மிதியுங்கள், அருந்ததி பாருங்கள். மணந்த பிறகு 'இவள் என் மனைவி இல்லை' என்று சொல்லலாமா என்பதை மட்டும் மரபிடம் விடக் கூடாது.

குருக்களுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ''மோதிரம் மாத்தினா போதும், மாலை போட்டா போதும்னு ஆயிட்டா, கல்யாணத்துக்கு கனம் போயிடாதோ?'' என்றார். அவர் கவலை புரிகிறது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. சடங்கு எதுவும் நடத்தாமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருந்த ஒரு ஜோடியின் வழக்கில், திருமணம் ஆட்டம்பாட்டுக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சி அல்ல, புனிதமானது. உரிய சடங்கு இல்லாமல் காகிதம் மட்டும் திருமணமாகிவிடாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023-ல், தமிழக வழக்கொன்றில் அதே நீதிமன்றம் 7-ஏ திருமணத்தை ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்கிறது. கனம் சடங்கின் நீளத்தில் இருக்கிறதா, சொன்ன சொல்லில் இருக்கிறதா என்று குருக்களையே திருப்பிக் கேட்டேன். ''சுந்தரர் மகிழ மரத்தடியில சங்கிலியாருக்குக் குடுத்தது வெறும் சொல்தான். மீறினார், கண்ணு ரெண்டும் போச்சு. சுவாமிக்குத் தோழர்னு பார்க்கலை'' என்றார் அவர். என் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி எடுத்துக்கொண்டாரா, தெரியாது!

மலைப்படிக்குத் திரும்புவோம். அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: ''அம்மா... உறவுக்காரங்க முன்னாடி தாலி ஏறியிருக்கு. சட்டப்படி உங்க பொண்ணு கல்யாணம் ஆனவதான். அவ இருக்கும்போது அவர் இன்னொருத்தியைக் கட்டினா அது குற்றம்.'' தமிழகத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. இவர்கள் அதைச் செய்யவில்லை. பதிவு இல்லை என்பதற்காக மட்டும் திருமணம் இல்லாமல் போய்விடாது. ஆனால், நடந்ததை நிரூபிக்க வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

''நிரூபிக்க யாரும்மா வருவா? அவங்க பக்கத்து ஜனம் எல்லாம் இப்ப வாயத் திறக்க மாட்டேங்குது'' என்றார் அந்த அம்மா.

அந்த அம்மன் கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். ஒற்றை அறை, முன்னால் ஒரு தகரக் கொட்டகை, வேப்பமரம். பூசாரி எழுபதைத் தாண்டியவர். விஷயத்தைக் கேட்டதும், விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். ''நான்தானே தாலிய எடுத்துக் குடுத்தேன்? எந்த கோர்ட்டுக்கு வரணும்னு சொல்லு தாயி, வர்றேன். ஆத்தா எடத்தை விட்டு நகர மாட்டா, நான் நகருவேன்ல'' என்றார்.

அந்தப் பெண் அதுவரை எதுவும் பேசவில்லை. தன் பழைய செல்போனை எடுத்து, எதையோ தேடி, என்னிடம் நீட்டினாள். யாரோ அவசரத்தில் எடுத்த படம். தலைகுனிந்த மணப்பெண், அவள் பின்கழுத்தில் கயிற்றைப் பிடித்தபடி இரண்டு கைகள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவதுதானே நம் வழக்கம்?

''இந்தப் பச்சை வளையல் போட்ட கை அவரோட அக்காது'' என்றாள் அவள். ''கல்யாணமே நடக்கலைன்னு மொதல்ல சொன்னது அவங்கதான்.''